ஒரு சோறு பதமாகுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியை அறியாத தமிழ் மாணவர் இலர். திறனாய்வு எழுத முனைவோர் ஒரு பாட்டை எடுத்துக்காட்டி, அதன் ஆசிரியர் எழுதிய அனைத்தையும் அளந்துவிட்டதாகக் கூறும்போது இப்பழமொழியையே துணைக்கு அழைப்பர். மேடையேறுவோர் ஒரு தோட்டத்தைக் கண்டுவந்து நாட்டிலுள்ள தோட்டங்கள் அனைத்தையும் எடைபோடுவதும் இதன் வலிமையால்தான். பழமொழியில் குற்றமில்லை. அடுக்களையில் நின்று சமைத்தவர் யாரோ அதனைச் சொல்லியிருத்தல் வேண்டும். பானையில் இருப்பது ஒருவகை அரிசி; அதற்கு நீர் ஒன்று, தீ ஒன்று; கொதி வந்தபின் அகப்பை கொண்டு துழாவுவதும் உண்டு. ஆகவே எந்தச் சோற்றை எடுத்து நசுக்கினும் மற்றவற்றின் பதம் தெரிந்துவிடும். ஆனால் மலைச்சரிவைத் துழாவும் அகப்பை எவரிடமும் இல்லை.

இவ்வேறுபாட்டை மறந்ததன் விளைவைக் காணவேண்டின் பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குச் செல்லவேண்டும். 1885ஆம் ஆண்டில் நிலஅளவையாளர் வில்லியம் கேமரன் கண்டுரைத்தமையால் அவர் பெயர் பெற்ற மலை அது. அங்கு 1929இல் ரசல் என்னும் ஆங்கிலேயர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1930களில் பாரத் தோட்டமும் பிறவும் எழுந்தன. காட்டை வெட்டி, சரிவில் நிரை பிடித்து, கன்றுகளை நட்டவர்களுள் பெரும்பாலோர் தமிழர். தானா ராத்தா, ரிங்லெட் போன்ற ஊர்களிலும் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. அப்பள்ளிகளின் சன்னலைத் திறந்தாற் கண்ணில் படுவது தேயிலை. அதற்கு மேலே, பிரிஞ்சாங் மலையின் ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் பாசி படர்ந்த காடு. ஒரு நிலப்பரப்பில் ஒரு செடியினம் எத்தனை உள்ளது என மதிப்பிடும் களமுறையைக் கற்பதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறு வேண்டியதில்லை. அக்கலையை அங்குத் தமிழில் கற்பிப்பார்தாம் அரியர்.

இடைநிலைப்பள்ளியின் உயிரியற் பாடத்தில் இம்முறை இல்லாமலில்லை. மலாய்மொழியில் ‘குவாட்ராட்’ எனப்படும் சதுரச் சட்டத்தை நிலத்தில் வைத்து, அதனுள் அகப்படும் செடிகளை எண்ணி, அடர்த்தி, நிகழ்வெண், மூடிய பரப்பின் விழுக்காடு ஆகிய மூன்றையும் கணக்கிடுமாறு மாணவர் பயிற்றப்படுகின்றனர். நிகழ்வெண் என்பது வைத்த சட்டங்களுள் எத்தனையில் அச்செடி காணப்பட்டது என்பதன் விழுக்காடு. அடர்த்தி என்பது எண்ணிய செடிகளின் தொகையை எண்ணிய பரப்பால் வகுத்துப் பெறுவது. வாய்பாடு எளிது, அதனால்தான் பயிற்சி பெரும்பாலும் வாய்பாட்டோடு முடிந்துவிடுகிறது. கேள்வித்தாளில் பத்துக் கட்டங்களும் அவற்றுள் சில புள்ளிகளும் அச்சிடப்பட்டிருக்கும். மாணவர் கூட்டுவார், வகுப்பார், மதிப்பெண் பெறுவார். சட்டத்தை எங்கே வைப்பது, எத்தனை முறை வைப்பது, விளிம்பில் நிற்கும் செடியை என்செய்வது என்னும் வினாக்கள் அத்தாளில் எழுவதில்லை. கலையோ அவ்வினாக்களுக்குள்தான் இருக்கிறது.

எங்கே வைப்பது என்பதற்குச் சில செய்முறைக் குறிப்புகள் தரும் விடை நகைப்புக்குரியது. மாணவர் கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் எறிய வேண்டுமாம். விழுந்த இடமே தற்செயலான இடமாம். பதினைந்து அகவைச் சிறுவன் எறியும் சட்டம் அவன் நிற்கும் இடத்திலிருந்து சில மீட்டர் தொலைவிலேதான் விழும். புதரும் பள்ளமும் உள்ள பக்கம் அவன் எறியான். பின்னர் அதை எடுத்துவர வேண்டியவனும் அவனே அல்லவா? தற்செயல் என்பதைக் கையின் போக்குக்கு விடலாகாது என்பதை அறிந்தே 1927இல் டிப்பெட் என்னும் ஆங்கிலப் புள்ளியியலார், மக்கள்தொகை அறிக்கைகளிலிருந்து எண்களைப் பொறுக்கி, 41,600 இலக்கங்கள் கொண்ட ஒழுங்கற்ற எண்பட்டியலை வெளியிட்டார். இன்று அதுவும் வேண்டா. ஒன்று முதல் நூறுவரை எழுதிய சீட்டுகளைப் பையிலிட்டுக் குலுக்கி இரண்டெடுத்தால் போதும். நிலத்தின் ஓரத்தில் கிடத்திய அளவுநாடாவில் முதற்சீட்டின் மீட்டரும், அதற்குச் செங்குத்தாக உள்ளே செல்லும் நாடாவில் இரண்டாம் சீட்டின் மீட்டரும் சந்திக்கும் இடம் எதுவோ, முள்ளாயினும் சேறாயினும் அங்கேதான் சட்டம் வைக்கப்படல் வேண்டும்.

எத்தனை முறை என்பதற்கு வருவோம் எனின், பழமொழியின் பொய்ம்மை அங்கேதான் வெளிப்படும். ஒரு ஹெக்டர் சரிவில் ஒரு மீட்டர்ச் சதுரச் சட்டத்தை இருபது முறை வைத்து ஒரு களையை எண்ணியதாகக் கொள்க. ஆறு சட்டங்களில் இரண்டிரண்டு, எட்டில் மும்மூன்று, ஆறில் நான்குநான்கு. கூட்டினால் 60, சராசரி 3, ஹெக்டருக்கு 30,000 செடிகள். பக்கத்துச் சரிவிலும் இருபது சட்டங்கள். பதினாறில் ஒன்றுமில்லை, எஞ்சிய நான்கில் 22, 18, 11, 9. அதன் கூட்டுத்தொகையும் 60, சராசரியும் 3, ஹெக்டருக்கு அதே 30,000. தேர்வுத்தாளின் கண்ணுக்கு இரு சரிவுகளும் ஒன்றே. ஆயின், ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைக் கொண்டு பிழையைக் கணித்துப் பார்த்தால், முதற்சரிவின் உண்மைத் தொகை ஏறத்தாழ 26 ஆயிரத்துக்கும் 34 ஆயிரத்துக்கும் இடையில் இருக்கலாம் எனத் துணியலாம். இரண்டாவதற்கோ ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பது தொடங்கி 60 ஆயிரம்வரை எதுவும் ஆகலாம். இரண்டாம் சரிவில் ஒரே ஒரு சட்டம் வைத்துத் திரும்பியவர், இருபதில் பதினாறு வாய்ப்புப்படி, அங்குக் களையே இல்லை என்று எழுதியிருப்பார். தீயூழால் 22 கண்ட இடத்தில் வைத்தவர் இரண்டு இலட்சத்து இருபதாயிரம் என்று அலறியிருப்பார். இருவரும் ஒரு சோற்றைப் பதம் பார்த்தவர்களே.

இரண்டு சரிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு பிழையின் அளவன்று, அதுவே செய்தி. இயற்கையாகப் பரவும் களை, தாய்ச்செடியின் அடியிலும் நீர் தேங்கும் குழியிலும் குவிந்து நிற்கும். கையால் இடைவெளி அளந்து நட்ட தேயிலையோ ஒழுங்காக நிற்கும். செடிகள் எவ்விதக் கட்டுப்பாடுமின்றிச் சிதறிக் கிடப்பின், எண்ணிக்கைகளின் மாறளவு ஏறத்தாழச் சராசரிக்குச் சமமாக வரும் என்பது கணக்கு, குவிந்திருப்பின் மிகும், நட்டிருப்பின் குறையும். நிலத்தை நேரிற் காணாத ஒருவர்கூட எண்களை மட்டும் பார்த்து, இது மனிதர் நட்டது, இது தானே முளைத்தது என்று சொல்லிவிட முடியும். இத்தகைய இன்பம் தரும் ஒரு பாடத்தை வெறும் வகுத்தற் கணக்காக்கி வைத்திருப்பது மாணவர்க்கு இழைக்கும் தீங்கு.

இனி, தேயிலைக்காடு இதற்குச் சிறந்த களம் எனக் கூறியதன் காரணம். கற்பவர்க்குத் தம் மதிப்பீடு சரியா தவறா எனச் சோதிக்க ஓர் உண்மைத் தொகை வேண்டும். காட்டில் அது கிடையாது. நட்ட நிலத்தில் உண்டு. நிரைக்கு நிரை 1.2 மீட்டரும் செடிக்குச் செடி 0.75 மீட்டரும் இடைவெளி விட்டு நட்டதாகக் கொள்க. ஒரு செடிக்குரிய நிலம் 0.9 சதுர மீட்டர். ஹெக்டருக்கு 11,111 செடிகள். மாணவர் சட்டம் வைத்து எண்ணிய தொகை இதற்குக் கீழே வருமாயின், செத்துப்போன செடிகளின் வெற்றிடம் எவ்வளவு என்பது புலப்படும். மேலே வருமாயின், எண்ணியவர் கையில் பிழையுண்டு. பிழையின் ஊற்று பெரும்பாலும் விளிம்பே. மேற்பரப்பில் தேயிலை ஒன்றோடொன்று கலந்து ஒரே பச்சைப் பாயாகக் கிடக்கும். குனிந்து அடிமரத்தைப் பார்த்தால்தான் செடி எது எனத் தெரியும். சட்டத்தின் கோட்டில் நிற்கும் அடிமரத்தை உள்ளே சேர்ப்பதா, விடுவதா? இரண்டு பக்கங்களைத் தொடுவனவற்றைச் சேர்த்து, எதிர்ப்பக்கங்கள் இரண்டையும் தொடுவனவற்றை விட்டுவிட வேண்டும் என்பது விதி. அவ்விதியை மறந்து எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் மனித ஆசை கற்றவரையும் விடுவதில்லை. இந்தியாவில் பயிர் விளைச்சலை அளக்கச் சிறு துண்டுகளை அறுத்தெடுத்தபோது, விளிம்புப் பயிரும் உள்ளே சேர்ந்து மதிப்பு மிகுந்துபோவதை 1940களில் புள்ளியியலார் சுகாத்மே எடுத்துக்காட்டினார். சட்டம் சிறிதாக ஆக, பரப்பை நோக்க விளிம்பு நீளும், பொய்யும் வளரும்.

சரிவு என்பது இன்னொரு பொறி. சமவெளிப் பள்ளிக்கு எழுதப்பட்ட பாடம் இதனைக் கூறுவதில்லை. முப்பது பாகைச் சரிவில் 100 மீட்டர் நாடாவை நிலத்தோடு கிடத்தினால், வரைபடத்தில் அது 86.6 மீட்டரே ஆகும். நிலத்தோடு சாய்த்து வைத்த சட்டத்தில் கண்ட அடர்த்தியை வரைபடத்திலிருந்து எடுத்த பரப்பால் பெருக்கினால், உண்மையில் உள்ளதைக் காட்டிலும் 13 விழுக்காடு குறைந்த தொகையே விடையாகும். கேமரன் மலையில் வளரும் பிள்ளைக்குச் சரிவைப் பற்றி எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவன் நாள்தோறும் அதில் ஏறி இறங்குகிறான். சைன் கோசைன் என்பவை எதற்கு என்று ஏங்கும் வகுப்புக்கு அவன் காலடியே விடைசொல்லும். அவ்விடையைக் கேட்பதற்குத்தான் பாடத்திட்டத்தில் நேரமில்லை என்கின்றனர்.

இங்கே தமிழாசிரியருள் ஒரு சாரார் தடைவிடை எழுப்புவர். செடியை எண்ணுவது அறிவியலாசிரியர் வேலை. தமிழ் வகுப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பர். அவர்களே அடுத்த மூச்சில், சங்கச் சான்றோர் தாவர நூல் வல்லுநர் எனவும், குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைக் கபிலர் அடுக்கியிருப்பது உலகில் எவருக்கும் வாய்க்காத அறிவியல் எனவும் முழங்குவர். பிரகத்தன் என்னும் ஆரிய அரசனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது என மரபு கூறும் அப்பாட்டின் பெருமையை மறுப்பார் எவர்? பெயர்களை அறிந்த கண்ணுக்குத்தான் அவ்வாறு அடுக்க இயலும். ஆயினும் அடுக்குதல் வேறு, எண்ணுதல் வேறு. எவ்வெவை உள்ளன என்பதற்குப் பட்டியல் விடை தரும்; எவை மிகுதி, எவை அருகி வருகின்றன, சென்ற ஆண்டுக்கு இவ்வாண்டு என்ன ஆயிற்று என்னும் வினாக்களுக்கு அது விடை தராது. கபிலர் அதற்காகப் பாடவுமில்லை. தலைவி தழை சூடிய நாளின் மகிழ்ச்சியைப் பாடியவரைப் புள்ளியியலாராக்குவது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. தொண்ணூற்றொன்பது பெயர்களையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் மாணவருக்குப் பரிசளிக்கும் விழாக்களில், அவற்றுள் ஒன்றையேனும் செடியில் கண்டதுண்டா என்று கேட்கும் நடுவரைக் காண்பது அரிது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது, அண்மையில் 2018இல் அங்குப் பூத்தது, கேமரன் மலைக்கு உரிய செடியன்று என்பதையும் அறியாமலே, இம்மலையைக் குறிஞ்சி பூத்த மலையெனப் பாடும் கவிதைகள் மலர்களில் வெளிவந்துகொண்டுதான் இருக்கின்றன.

பட்டியலிலிருந்து எண்ணிக்கைக்கு உலகமே காலந்தாழ்த்தித்தான் வந்தது. 1890களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ரோஸ்கோ பவுண்ட், பிரடெரிக் கிளமென்ட்ஸ் என்னும் இரு இளைஞர்கள் புல்வெளிகளில் சதுரம் குறித்து ஒவ்வொரு செடியாக எண்ணினர். பல்லாண்டு களப்பழக்கமுடைய கண்ணும் மிகுதி, குறைவு என்பவற்றில் ஏமாந்திருந்ததை அவ்வெண்ணிக்கை காட்டிற்று. பகட்டாகப் பூப்பது கண்ணுக்கு மிகுதியாகவே தோன்றும். அவ்விருவருள் பவுண்ட் பின்னாளில் ஹார்வர்டு சட்டப்பள்ளியின் தலைவராகி, சட்டத்துறையில் பெரும்புகழ் எய்தினார் என்பதைத் துறைப்பிரிவு பேசும் தமிழாசிரியர் எண்ணிப் பார்க்கலாம். ஆசியாவில் இக்கலைக்குப் பெரும் வடிவம் தந்தவர் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலநோபிஸ். வங்காளத்தின் சணல் வயல்களை ஒன்றுவிடாமல் எண்ணத் தேவையில்லை, முறையாகத் தேர்ந்த மாதிரித் துண்டுகளே போதும் என்பதை 1930களின் பிற்பகுதி தொடங்கி அவர் செய்து காட்டினார். மலேசியாவிலேயே, நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் 1980களின் நடுப்பகுதியில் 50 ஹெக்டர் நிலம் குறிக்கப்பட்டு, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தடிப்புள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டப்பட்டது. 800க்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த மூன்று இலட்சத்துக்கும் மேலான மரங்கள் கணக்கில் வந்தன. தமிழ்நாட்டின் முதுமலையிலும் 1988இல் அதேபோல் 50 ஹெக்டர் நிலம் குறிக்கப்பட்டு, மரங்கள் மீண்டும் மீண்டும் எண்ணப்பட்டு வருகின்றன. குறிஞ்சியும் முல்லையும் கலக்கும் அந்நிலத்தின் கணக்கேடு எத்தனை தமிழாசிரியர் பார்வைக்கு வந்திருக்கிறது?

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்பார் மற்றொரு சாரார். இவர்க்கு நீண்ட மறுமொழி வேண்டியதில்லை. களத்துமேட்டில் நின்று கதிரைக் கண்மதிப்பாகக் கணித்ததும், அடித்துத் தூற்றியபின் கண்டுமுதல் பார்த்ததும் தமிழ் வழக்கே. மதிப்புக்கும் கண்டுமுதலுக்கும் உள்ள வேறுபாட்டுக்குத் தனித்தனிச் சொல் வைத்திருந்த மொழி, மதிப்பீட்டுப் பிழை என்பதற்குத் திணறப் போவதில்லை. சொல் இருந்தும் வழங்குமிடம் பறிபோனதுதான் குறை. 2003இல் அறிவியலும் கணிதமும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவாயிற்று. 2016இல் இருமொழித் திட்டம் என்னும் பெயரில் ஆங்கிலம் மறுபடியும் கதவைத் தட்டிற்று. அலைக்கழிவு ஒருபுறம் இருக்க, இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிள்ளை சட்டத்தையும் அடர்த்தியையும் மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்கிறான். அவன் தாய் தேயிலைக் காட்டில் அறிந்தவற்றைத் தமிழில்தான் அறிந்திருந்தாள். இரண்டு அறிவும் ஒரே வீட்டில் உண்டு உறங்கியும் ஒன்றையொன்று காணாமற் போயின.

அத்தாயின் அறிவு எளியதன்று. எந்த நிரையில் கொழுந்து முந்தும், எந்தப் பள்ளத்தில் செடி வீணாகும், கவ்வாத்துக்குப்பின் எத்தனை நாளில் துளிர் எழும் என்பன அவள் விரல்நுனியில் இருந்தன. ஆனால் எண் அவளிடம் இல்லை. எண் கணக்கப்பிள்ளையின் ஏட்டிலும் துரையின் மேசையிலும் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் அவளே ஒரு தலையாக எண்ணப்பட்டாள். மாலையில் அவள் கூடை நிறுக்கப்பட்டது. ஒரு நிலத்தில் எத்தனை செடி, அவற்றுள் எத்தனை வெற்றிடம், ஆகவே ஒரு நாளைக்கு எவ்வளவு கொழுந்து எதிர்பார்ப்பது நேர்மை என்பதைத் தானே கணித்துரைக்கும் ஆற்றல் அவளுக்கு இருந்திருப்பின், குறைந்த எடைக்குக் காரணம் கையா காடா என்னும் வழக்கில் அவள் வாய் அடைபட்டிருக்காது. இன்று அம்மலையில் கொழுந்தெடுப்போருள் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர். கத்தரிக்கோலும் இயந்திரமும் விரலின் இடத்தைப் பிடித்துவிட்டன. தமிழ்ப்பிள்ளை தோட்டத்தை விட்டு வெளியேறுவதை எவரும் தடுக்கவும் இயலாது, தடுக்கவும் கூடாது. எண்ணப்படுபவனாக நுழைந்த இடத்திலிருந்து எண்ணத் தெரிந்தவனாக வெளியேறுகிறானா என்பதே இங்குள்ள வழக்கு.

மலைக்கும் இதில் பங்குண்டு. 1963இல் கட்டிமுடிக்கப்பட்ட ரிங்லெட் அணைத்தேக்கத்தில் சரிவுகளிலிருந்து அரித்து வரும் மண் தொடர்ந்து படிந்து வருகிறது. 2013 அக்டோபரில் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. காட்டை அழித்த சரிவுகளைப் பற்றி அப்போது பேசாதவர் இல்லை. பேச்சிலெல்லாம் ‘மலை மொட்டையாகிவிட்டது’ என்பதே அளவு. எத்தனை விழுக்காடு மொட்டை? மேல்மூடிய தேயிலைச் சரிவில் வெறுமண் எவ்வளவு, காய்கறிப் படிக்கட்டுகளில் எவ்வளவு, சாலையோரத்தில் எவ்வளவு? மூடிய பரப்பை அளக்கும் பாடம் இதற்குத்தான். இங்குச் செடியை எண்ணுவதும் பயன்படாது. லாலாங் என்று மலாயர் கூறும் புல் மண்ணுக்கடியில் கிழங்குத் தண்டால் ஓடிப் பல இடங்களில் தலைகாட்டும். ஐம்பது தாள் தெரிவதால் ஐம்பது செடி என்று எழுதுவது பேதைமை. அதற்கு எண்ணிக்கையை விடுத்து, சட்டத்தை நூறு சிறு கட்டங்களாக நூலால் பிரித்து, எத்தனை கட்டத்தைப் பச்சை மூடியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். எதனை எவ்வாறு அளப்பது எனத் தேர்வதே அளத்தலில் பாதி. செய்யுளுக்கு ஏற்ற யாப்பைத் தேரும் பயிற்சியுடைய தமிழ் வகுப்புக்கு இது அந்நியமான சிந்தனையும் அன்று.

செலவைக் காரணங்காட்டித் தப்பவும் வழியில்லை. நான்கு மூங்கிற் கழிகள், சிறிது சணல் கயிறு, ஓர் அளவுநாடா, சீட்டுப்பை, குறிப்பேடு. இவற்றுக்கு வாரியத்தையும் நன்கொடையாளரையும் தேடி அலைய வேண்டியதில்லை. தோட்டத்துக்குள் நுழைய இசைவு கிடைக்காவிடின் பள்ளித் திடலின் மேட்டோரமே போதும். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இவ்வாண்டு இருபது சட்டங்கள் வைத்து எண்ணட்டும். அடுத்த ஆண்டு வருவோர் அதே மேட்டில், புதிதாகச் சீட்டெடுத்து, அதே மாதத்தில் எண்ணட்டும். செடிகளின் பெயரைத் தமிழிலும் மலாயிலும் எழுதட்டும். பெயர் தெரியாததற்கு வீட்டில் பாட்டியைக் கேட்கட்டும். அவரும் அறியாவிடின் ‘பெயர் தெரியாதது 1’ என்றே எழுதி, இலையொன்றை ஒட்டி வைக்கட்டும். சராசரியோடு பிழையளவையும் எழுதாத கணக்கை ஆசிரியர் ஏற்காதிருக்கட்டும். தமிழாசிரியரின் பங்கு, அதன்பின் மாணவர் எழுதும் கட்டுரையைத் திருத்துவது. அக்கட்டுரையில் ‘ஏராளமான’, ‘எண்ணற்ற’, ‘எங்கு நோக்கினும்’ என்னும் சொற்கள் வருமிடமெல்லாம் சிவப்பு மையால் கோடிட்டு, எத்தனை என்று ஓரத்தில் கேட்டால் போதும்.